தெளிந்த தண்ணீர் டாக்டரையா

அந்த மனிதர் நோயாளியைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. நாடி பிடிப்பதென்றால்கூட நோயாளியின் மணிக்கட்டில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் இரண்டு விரலை வைப்பார். வைத்த கையை உடனே போய்க் கழுவுவார். கழுவுவதற்கென்று ஊதா நிற மருந்து கலந்த தண்ணீர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மேசைமேல் எப்போதும் இருக்கும். மருந்து கொடுக்கும்போது "அண்ணாந்துக்கோ" என்பார். ஒரு முழ உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றுவார். குறி தவறாது. அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை.

டாக்டரையா என்றுதான் தோட்டம் முழுக்கக் கூப்பிட்டோம். அவர் டாக்டர் இல்லை. பசறைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் உத்தியோகம். தூத்துக்குடியில் கப்பலேறி வந்தவர் என்றார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நான் அங்கே கஞ்சி காய்ச்சினேன். "கஞ்சிக்காரி" என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் ஒரு பெயர் உண்டு என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் இருக்கவில்லை.

சுத்தம் என்ற சொல்லை அவர் சொல்லும் விதமே தனி. மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்வதுபோல லேசாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "அழுக்குக்குத்தான்டா சீக்கு வரும். சுத்தமா இருக்கிறவனுக்கு என்ன வரும்?" அவருடைய வைத்தியம் முழுக்க இவ்வளவுதான். வயிற்றுக்கடுப்பு வந்தாலும் இதைத்தான் சொல்வார். பிரசவத்தில் ஒருத்தி செத்தாலும் இதைத்தான் சொல்வார். லயத்து ஆட்கள் அழுக்கு, அதனால் சீக்கு, பேச்சு முடிந்தது. வரிசையாக அறைகள் கட்டின லயத்தில் ஒரே அறையில் ஒரு குடும்பம் படுத்து, அதிலேயே அடுப்பு மூட்டி, மழை பெய்தால் கூரை ஒழுகி, மலைத் தண்ணீர் விழும் ஒரே பீலிக்கு முழு லயமும் வரிசை நிற்கிறதே, அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டுமென்றால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அல்லவா கேட்க வேண்டும்.

காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வருகிறவனையும் முதலில் பீலிக்குத்தான் அனுப்புவார். முகம், கை, கால் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிப் படியில் ஏற வேண்டும். ஒருதரம் மார்கழி மழையில் ஒரு தாய் தன் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றாள். வளர்ந்த மகன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பச்சத் தண்ணி பட்டா இன்னும் நடுங்குமேய்யா."

"நடுங்கினாலும் சுத்தமா நடுங்கட்டும்" என்றார்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவருக்கு வேடிக்கை வராது.

கண்ணைவிட மூக்கை நம்பிய மனிதர் அவர். வாசலில் நின்று ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். ஃபினைல் வாசனை வந்தால் முகம் மலரும். வெங்காயம் தாளித்த வாசனை வந்தால் என்னைத் திட்டுவார். சீக்கு நாற்றத்தில் ஏறி வரும் என்பது அவருடைய எண்ணம். நாறினால் நோய், நாறாவிட்டால் நோயில்லை. சாவுகூட வாசனையாக இருந்தால் உள்ளே விட்டுவிடுவார் என்று நானும் பெருக்குகிற கிழவியும் பேசிச் சிரிப்போம்.

எறும்பு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டடம் எறும்புப் புற்றின்மேல் கட்டினதோ என்னவோ, அவர் வருவதற்கு முன்னால் அங்கே படுத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மலையில் அட்டை கடித்த புண்ணிலும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்திலும் சுள்ளெறும்பு ஏறி மொய்க்கும். ஆட்கள் ராத்திரியெல்லாம் ஊளையிடுவார்கள். அவர் வந்தார். துரை பங்களாவில் காலியான மீன் டின்களை வாங்கினார். உள்ளும் புறமும் வெள்ளைச் சாயம் அடித்தார். ஒவ்வொரு கட்டில் காலையும் ஒரு டின்னுக்குள் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். மருந்து அலமாரிக்கும் அப்படியே. எறும்பு தண்ணீரைத் தாண்டாது. படுத்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் நல்ல மனிதர் வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்தத் தண்ணீரை வேறு யாரும் தொடக் கூடாது. பீலித் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, மல்துணியில் வடிகட்டி, மூக்குள்ள கெண்டியில் எடுத்துக்கொண்டு தினமும் காலையில் தானே வருவார். டின் டின்னாகக் குனிந்து, குறைந்த அளவுக்கு ஊற்றுவார். பூச்செடிக்கு ஊற்றுகிற மாதிரி இருக்கும். பழைய தண்ணீரைக் கொட்டுவது கிடையாது. "தெளிவா இருக்கிற தண்ணிய எதுக்குக் கொட்டணும்?" என்பார். ஒருநாள் நான் பார்த்தேன். டின்னுக்குள் கூத்தாடிப்புழு நெளிந்து நெளிந்து மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. சொன்னேன்.

"அதனால என்ன?" என்றார். "அழுகின தண்ணியில அது இருக்குமா? உசிரோட ஆடுதுன்னா தண்ணி சுத்தம்னு அர்த்தம். படிக்காத முண்டம்."

நான் படிக்காத முண்டம்தான். கஞ்சி கிளறப் போனேன்.

மழை தொடங்கினால் எலும்பை ஒடிக்கிற காய்ச்சல் ஒன்று வரும். கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். மூட்டெல்லாம் யாரோ உலக்கையால் குத்தின மாதிரி இருக்கும். லயத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் கிடந்து எழுந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில்தான் வேடிக்கை. எதற்காக வந்து படுத்தாலும் கொஞ்ச நாளில் அந்தக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கட்டி அறுக்க வந்தவனுக்கும் வந்தது. வயிற்றுவலிக்காரிக்கும் வந்தது. "அங்க போயிப் படுத்தா காய்ச்சல் வாங்கிக்கிட்டுத்தான் வரணும்" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். இது அவர் காதுக்கும் போனது. "கூலிகளோட மூடநம்பிக்கை" என்று துரையிடம் சொல்லி அவரும் சிரித்தாராம், துரையும் சிரித்தானாம்.

கவ்வாத்து வெட்டும்போது கால்விரலில் கத்தி பட்டு ஒருவன் வந்தான். நல்ல திடமான ஆள். காயம் ஆறிக்கொண்டு வரும்போது காய்ச்சல் வந்தது. பிறகு பல் ஈறில் ரத்தம் கசிந்தது. மூக்கில் வந்தது. போய்விட்டான். டாக்டரையா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, அவன் கொண்டுவந்த கம்பளியை ஒரு குச்சியால் தூக்கி முற்றத்தில் போட்டு எரிக்கச் சொன்னார். "சீக்கு இதுலதான் வந்திருக்கு" என்றார். மலையில் மழைக்கும் குளிருக்கும் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி அது. மறுநாள் அவன் பெண்சாதி வந்தாள்.

"ஐயா, அவரு கம்பளியத் தாங்கய்யா. பிள்ளைக்குப் போத்தணும்."

"எரிச்சாச்சு."

"எதுக்குய்யா? நல்ல கம்பளியாச்சே!"

"உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கையைக் கழுவினார்.

அந்தக் கட்டிலில்தான் அடுத்ததாக என் தங்கச்சி வந்து படுத்தாள்.

கொழுந்து எடுக்கும்போது சறுக்கி, வெட்டிவிட்ட தேயிலைக் கட்டையில் கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பதுளையிலிருந்து வந்து போகும் டாக்டர் பலகை வைத்துக் கட்டினார். எலும்பு சேரும்வரை அசையவே கூடாது, அசைந்தால் கால் கோணிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார். கால் கோணினவளால் மலையேற முடியாது. மலையேற முடியாதவளுக்குத் தோட்டத்து ஆள் கணக்கில் பேர் இல்லை, அரிசி இல்லை. அவளுக்குப் புருஷன் இல்லை. ஒரு பெண்குழந்தை இருந்தது. அது என் லயத்து அறையில் என் பிள்ளைகளோடு கிடந்தது. ஆகவே அவள் அந்தக் கட்டிலில் கிடந்தே ஆக வேண்டும். கிடந்தால் காய்ச்சல் வரும். பக்கத்துக் கட்டிலில் ஏற்கெனவே ஒருத்தி காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கும் வந்துருமா?"

"வாய மூடிக்கிட்டு கஞ்சியக் குடி" என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து சுகாதார டாக்டர் ஒருவர் வந்தார். சின்ன வயது. தோட்டம் தோட்டமாகப் போய்க் காய்ச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். தமிழ் தெரியாது. இங்கிலீசில் பேசினார். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் போக நின்ற எங்கள் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். டாக்டரையா தேயிலைப் பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்று, அவர் சொல்லச் சொல்ல எங்களுக்குத் தமிழில் சொன்னார். அன்றைக்குச் சட்டை மொடமொடவென்றிருந்தது.

"டாக்டர் தொரை என்ன சொல்றாங்கன்னா, தூர தேசத்துல ஒரு கால்வாய் வெட்டினாங்க. கப்பல் போறதுக்கு. வெட்டப் போன ஆளுங்க கும்பல் கும்பலா செத்தாங்க. அதுக்கு மஞ்சக் காய்ச்சல்னு பேரு. கண்ணு மஞ்சளாப் போகும். கறுப்பா வாந்தி எடுக்கும். அதோட ஆளு காலி."

"மஞ்ச பூசிக் குளிக்கிற எங்களுக்கும் வருமாங்க?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள்.

"வாய மூடு புள்ள. அந்தக் காய்ச்சல் நம்ம பக்கம் இன்னும் வரல. சீக்கு உள்ள ஒரே ஒரு ஆளு கப்பல்ல வந்து எறங்கினாப் போதும். பரப்புறதுக்கு இங்க ஆளு தயாரா இருக்கு. கொசு. காலுல வெள்ளை வரி போட்ட கொசு. பகல்லயே கடிக்கும். நம்ம எலும்பொடிக்கிற காய்ச்சலையும் இதுதான் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குக் கொண்டுபோகுது."

இதுவரை ஒழுங்காகத்தான் சொன்னார் என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

சின்ன டாக்டர் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினார். உள்ளே தண்ணீர். கூத்தாடிப்புழு நெளிந்தது. அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். டாக்டரையா தொண்டையைக் கனைத்தார்.

"இந்தக் கொசு சாக்கடையில, அழுக்குத் தண்ணியிலதான் முட்டையிடும். உங்க லயத்து வாசல் மாதிரி."

முன்னால் உட்கார்ந்திருந்த கிழட்டுக் கங்காணி கையைத் தூக்கினார். "போத்தல்ல இருக்கிற தண்ணி நல்லாத் தெளிவாத்தானேங்க இருக்கு?"

"தூரத்துல இருந்து பாத்தா அப்படித்தான்யா தெரியும்."

சின்ன டாக்டர் மேலே சொல்லிக்கொண்டு போனார். சொல்லும்போதே ஒரு கையின் விரல்களைக் கீழே நீட்டிக் கால் மாதிரி நிறுத்தினார். மறு கையைக் கிண்ணம்போலக் குழித்து அதன் அடியில் வைத்தார். தலையை ஆட்டினார். பார்ப்பதற்கு ஏதோ பெரிய துக்கத்தைச் சொல்வதுபோல இருந்தது. டாக்டரையாவின் முகம் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. சின்ன டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். உடனே அதே குரலில், அதே ராகத்தில் டாக்டரையா தொடங்கினார்.

"அந்த தேசத்துல ஆஸ்பத்திரிய ரொம்ப சுத்தமா வச்சிருந்தாங்களாம். கஞ்சிக்காரி, நீ இப்பவே பின்பக்கமாப் போயி, கட்டில் கால்ல இருக்கிற டின்னு எல்லாத்தையும் எடுத்து வெறகுக் கொட்டாயில மறைச்சு வச்சிடு. யாரும் அவளைத் திரும்பிப் பாக்காதீங்க. இப்படி டாக்டர் தொரை சொல்றாங்க."

சின்ன டாக்டர் தலையை ஆட்டிப் புன்னகைத்தார்.

"கஞ்சிக்காரிய டாக்டர் தொரைக்கு எப்படிங்க தெரியும்?" என்று கிழட்டுக் கங்காணி கேட்டார்.

"கஞ்சி ருசி கொழும்பு வரைக்கும் போயிருச்சு போல!" என்றது வேறொரு குரல்.

களம் முழுக்கச் சிரித்தது. தான் சொன்ன பாடம் ஆட்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சின்ன டாக்டரும் சேர்ந்து சிரித்தார். பாவம்.

நான் ஓடினேன். விஷயம் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு கட்டிலாக முட்டுக்கொடுத்துத் தூக்கி டின்னை உருவினேன். தங்கச்சி கத்தினாள்.

"அக்கா, ஆட்டாத! உசிரு போகுது! எதுக்குக்கா எடுக்குற? எறும்பு ஏறுமே."

"எனக்கென்ன தெரியும்? ஐயா எடுக்கச் சொன்னாரு."

விறகுக் கொட்டகையில் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பங்களா சமையல்கார அப்பு வந்தார். களத்தோரம் நின்று பேச்சைக் கேட்டுவிட்டு, வந்திருக்கும் துரைமாருக்குத் தேத்தண்ணி போட என் அடுப்பைக் கேட்டு வந்தவர். பங்களாவில் பல காலம் இருந்து இங்கிலீஸ் கற்றவர். டின்களைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மறைக்கச் சொன்னானா? எனக்கு அப்பவே தெரியும்."

"என்னண்ணே சிரிப்பு?"

"டாக்டர் தொரை சொன்ன கதையே இந்த டின்னப் பத்தித்தான் ஆத்தா. கால்வாய் வெட்டின எடத்துல பெரிய ஆஸ்பத்திரியாம். கன்னியாஸ்திரீங்க இருந்து பாத்துக்கிட்டாங்களாம். எறும்பு ஏறக் கூடாதுன்னு கட்டில் காலுக்கெல்லாம் தண்ணிச் சட்டி வச்சாங்களாம். அந்தத் தண்ணியிலயே இந்தப் புழு வளர்ந்து கொசுவாப் பெருகி, படுத்தவனை எல்லாம் கடிச்சு, கை ஒடிஞ்சு வந்தவன்கூட மஞ்சக் காய்ச்சல்ல செத்தானாம். இந்தக் கொசுவுக்குச் சாக்கடை வேணாமாம். வீட்டுக்குள்ள நிக்கிற நல்ல தண்ணிதான் வேணுமாம். இவன் வாயில 'நல்ல தண்ணி' வருமா? சாக்கடைன்னு மாத்திட்டான்." மறுபடியும் சிரித்தார். "அஞ்சாறு நாளைக்கு ஒருக்காக் கொட்டித் தேச்சுக் கழுவணுமாம். இல்ல, தண்ணி மேல ஒரு சொட்டு மண்ணெண்ண விட்டாலும் புழு செத்துருமாம். எவ்வளவு லேசான வேலை பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு டின்னைத் தண்ணீரோடு கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். சின்ன டாக்டர் ஆஸ்பத்திரியைப் பார்த்து முடித்து விறாந்தைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, ஃபினைல் வாசனை. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. டாக்டரையா பக்கத்தில் நின்றார். நான் டின்னை நீட்டினேன்.

"சாமி, இது உள்ள கட்டில் காலுக்குக் கீழ இருந்தது. இவருதான் மறைக்கச் சொன்னாரு. புழு இருக்கு, பாருங்க. என் தங்கச்சி உள்ள கெடக்கிறா."

சின்ன டாக்டர் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, என்ன சொல்கிறாள் என்று டாக்டரையாவிடம் கேட்டார். வேறு யாரிடம் கேட்பார்? டாக்டரையா சிரித்த முகமாக ஏதோ சொன்னார். என் கையிலிருந்து டின்னை வாங்கிச் செடியில் கொட்டினார். சின்ன டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்து இரண்டு தரம் தலையை ஆட்டி, நல்ல வார்த்தை ஏதோ சொன்னார். பின்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்ற அப்புவைப் பார்த்தேன். அவர் வானத்தில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன டாக்டர் போன பிறகுதான் அப்பு வாய் திறந்தார். நான் பாடத்தைக் கேட்டு உடனே என் லயத்து வீட்டிலிருந்த டின்னைக் கொட்டக் கொண்டுவந்திருக்கிறேன் என்று டாக்டரையா சொன்னாராம். இப்படி ஒரு கெட்டிக்காரப் பெண் எல்லாத் தோட்டத்திலும் இருந்தால் போதும் என்று டாக்டர் துரை மெச்சினாராம்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொல்லிட்டு நாளைக்கு எங்க போறது ஆத்தா? நீ சோறு போடுவியா?"

அன்று சாயந்தரமே டின்கள் கட்டில் காலுக்குத் திரும்பி வந்தன. கெண்டியும் வந்தது. நான் குறுக்கே நின்றேன்.

"ஐயா, அந்தத் தண்ணிதான் காய்ச்சலக் குடுக்குதாமே."

"யாரு சொன்னா?"

"டாக்டர் தொரை சொன்னத நீங்களும்தானே கேட்டீங்க?"

"அது அந்த தேசத்துத் தண்ணி. இது நான் வடிகட்டின தண்ணி. எறும்பு ஏறிப் புண்ணு சீழ் பிடிச்சா நீயா பதில் சொல்லுவ?"

"சரிங்க, டின்னு இருக்கட்டும். ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு மண்ணெண்ண விடுங்க. எறும்பும் ஏறாது, கொசுவும் வராது."

என் வாயிலிருந்து மலம் வந்ததுபோல அவர் பின்னால் நகர்ந்தார்.

"மண்ணெண்ணெயா? ஆஸ்பத்திரிக்குள்ளயா? நாறாது?"

அவருக்குப் புரியாமல் இல்லை. களத்தில் முகம் வெளுத்த அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாமே புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் அவர் பயந்தது கட்டிலில் கிடந்தவர்களுக்காக இல்லை. தன் சுத்தத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்றுதான் பயந்தார். மடையனாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

மறுநாள் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனதும், லாந்தருக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்து ஒவ்வொரு டின்னிலும் சொட்டுவிட்டேன். சொட்டு விழுந்ததும் தண்ணீர்மேல் மயில் கழுத்து மாதிரிப் பல நிறத்தில் படர்ந்தது. புழுக்கள் மேலே வந்து முட்டி முட்டி அடங்கின. தங்கச்சி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாட்டுனா கொன்னுருவாருக்கா."

"நீ சாகாம இருந்தாப் போதும்."

அவர் வாசலில் வந்து மூச்சை இழுத்தார். அவ்வளவுதான். சாமி வந்தவர் மாதிரி ஆடினார். லாந்தரை யார் கவிழ்த்தது என்றார். பெருக்குகிற கிழவியைப் பிடித்துத் திட்டினார். பிறகு மூக்கை வைத்துத் தேடிக்கொண்டே போய் டின்னைக் கண்டுபிடித்தார். அந்த நாற்றத்தைத் தாங்க முடியாமல் எல்லா டின்னையும் வெளியே எடுத்துப்போகச் சொல்லி, கொட்டி, சாம்பலும் சவர்க்காரமும் போட்டு உள்ளே அடிவரை தேய்த்துக் கழுவச் செய்தார். மோந்து பார்த்தார். இன்னொரு தரம் தேய்க்கச் சொன்னார். பிறகுதான் புதுத் தண்ணீர் ஊற்றினார்.

நான் ஓரமாக நின்று பார்த்தேன். சின்ன டாக்டர் சொன்னதும் இதைத்தானே!

அன்றிலிருந்து எனக்கு வழி தெரிந்துவிட்டது. கொஞ்ச நாள் விடுவேன். மறுபடி சொட்டு வைப்பேன். மறுபடி அவர் ஆடுவார், மறுபடி எல்லா டின்னும் கொட்டித் தேய்க்கப்படும். எலி லாந்தரைத் தட்டுகிறது என்று எலிக்கு விஷம் வைத்தார். டின்னே பழைய மண்ணெண்ணெயைக் கக்குகிறது என்று புதுச் சாயம் அடித்தார். ஒருநாள் வேலையாட்களை விறாந்தையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லி ஒவ்வொரு கையாக மோந்தார், தொடாமல்தான். நான் வெங்காயம் உரித்த கையோடு நின்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முடியும்வரை தங்கச்சிக்குக் காய்ச்சல் வரவில்லை. புதிதாகப் படுத்தவர்களுக்கும் அவ்வளவாக வரவில்லை. துரை இதைக் கவனித்துக் கேட்டானாம். நோயாளிகளைப் பீலியில் கால் கழுவச் செய்ததன் பலன் என்று டாக்டரையா சொன்னாராம். துரை கையைக் குலுக்கினானாம். குலுக்கின கையையும் அவர் கழுவினாரா என்று அப்புவைக் கேட்டேன். "கழுவினான் ஆத்தா, தொரை போன பொறவு" என்றார்.

நான் அங்கிருந்து போன பிறகு நடந்ததை பெருக்குகிற கிழவி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அடுத்த மழையில் டின்னெல்லாம் பழையபடி தெளிந்த தண்ணீரோடு நின்றதாம். தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண் பிள்ளை பெற்று, காய்ச்சல் வந்து, ரத்தம் நிற்காமல் செத்துப்போனாளாம். அவளுடைய சேலையைக் குச்சியால் தூக்கி எரித்தாராம். சில காலம் கழித்து அவருக்கு இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. மாலை போட்டு, பெரட்டுக் களத்தில் நிறுத்திப் படம் பிடித்து அனுப்பினார்கள். மாலையில் எறும்பு இருந்ததோ என்னவோ, கழுத்தில் படாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

தங்கச்சியின் காலிலிருந்து பலகையை அவிழ்த்த நாளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பதுளை டாக்டர் வந்து அவிழ்த்தார். காலைத் தடவிப் பார்த்தார். நேராகச் சேர்ந்திருந்தது. ஊன்றி நிற்கச் சொன்னார். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள். டாக்டர் போய்விட்டார். நான் நேரே மருந்து அறைக்குப் போனேன். இனி எனக்கு என்ன பயம்?

"ஐயா, இத்தனை நாளா டின்னுல மண்ணெண்ண விட்டது நான்தான். அதை நீங்க கொட்டிக் கழுவினதாலதான் உள்ள கெடந்தவங்களுக்குக் காய்ச்சல் வரல. இனியும் கொட்டிக் கழுவுங்க. நான் இருக்க மாட்டேன். நீங்களாவே செய்ங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். கங்காணியைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அது எல்லாம் பிறகு நடந்தது. வேலையும் போனது, துரை முன்னால் நின்றதும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவர் செய்தது வேறு. மூக்கை ஒருதரம் இழுத்தார். அன்று நான் வெங்காயம் உரிக்கவில்லை; கையில் மண்ணெண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"உன் கை நாறுது. வெளியில போயி சவர்க்காரம் போட்டுக் கழுவு" என்றார்.

நான் கழுவவில்லை. அந்தக் கையாலேயே தங்கச்சியின் இடுப்பைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கி, லயத்துக்கு நடத்திக்கொண்டு போனேன்.